நட்டவர்கள் போன பிறகு: கண்டல் கரையைக் காப்பவர்களும் அவர்கள் தெரிந்திருக்கவேண்டியவையும்

2019ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் கரையொன்றில் நடந்த கண்டல் நடுகை பற்றி நான் ஒரு செய்தி எழுதினேன். வெள்ளைச் சீருடையில் பாடசாலைப் பிள்ளைகள், சேற்றில் இறங்கத் தயங்கிய அதிகாரிகள், நிதி வழங்கியவர்களின் பெயர் எழுதிய பதாகை, கையில் ஆளுக்கொரு கன்று. படமும் நன்றாக வந்திருந்தது. மூன்று வருடம் கழித்து, எரிபொருள் வரிசைகளின் காலத்தில், வேறொரு வேலையாகச் சைக்கிளில் அந்த வழியால் போனேன். கன்றுகளுக்கு ஊன்றிய தடிகள் வரிசை குலையாமல் நின்றன. கன்று ஒன்றுகூட இல்லை. சில தடிகளில், கன்று வந்த கறுப்புப் பொலித்தீன் பை இன்னும் சுற்றிக்கிடந்தது. நான் எழுதிய செய்தி மட்டும் இணையத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில், ஒரு நிகழ்வை எழுதினால் ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போய்ப் பாருங்கள் என்று விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி சொல்லுவார். சுயாதீனமாக எழுதுபவருக்கு அந்தத் திரும்பிப் போகும் பயணத்துக்கு யாரும் பணம் தருவதில்லை என்று நான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. அன்று அந்தத் தடிகளுக்கு முன்னால் அது எடுபடவில்லை.

அங்கிருந்து கொஞ்சத் தூரத்திலுள்ள இன்னொரு கரையில் கண்டல் பச்சையாகவே நின்றது. அங்கே பெரிய நடுகை எதுவும் நடந்திருக்கவில்லை. ஒரு சனசமூக நிலையத்தைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான் என்றார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பரவைக்கடலில் தொழில் செய்யும் மூன்று நான்கு பேர், விளையாட்டுக் கழகப் பொடியள், இரண்டு அம்மாமார். ஊரின் பெயரையோ தங்கள் பெயர்களையோ எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். காரணம் பிறகு வரும்.

"நட்டுப்போட்டுப் போறது சுகம் பிள்ளை. பிறகு ஆர் வந்து பாக்கிறது?" என்றார் அந்த ஆசிரியர்.

அதன் பிறகு அவர்களோடு பல ஞாயிற்றுக்கிழமைகள் நடந்திருக்கிறேன். தங்கள் ஊரிலும் இப்படி ஒரு கரையோ குளக்கட்டோ பற்றையோ இருக்கிறது, அதைக் காக்க விரும்புகிறோம், எங்கே தொடங்குவது என்று கேட்டு எனக்கு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

கரையில் நிற்பவை எவை?

கண்டல் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அது ஒரு மரமல்ல. யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் அதிகம் தெரிவது கண்ணா. இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூத்தது போலிருக்கும். உப்பை இலை வழியே வெளியேற்றும். வெய்யில் நாளில் இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். அதைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சுவேர்கள். ஊன்றுகோல்கள் போலக் கால் பரப்பி நிற்கும் வேர்களுடையதுதான் கண்டல். அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, பிறகு விழும். நடுகைகளில் பிள்ளைகளின் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். எடுக்கவும் நடவும் சுலபம் என்பதுதான் காரணம். அந்த இடத்துக்கு அது பொருந்துகிறதா என்று பார்ப்பது அரிது. கரையோடு சற்று மேட்டில் திப்பரத்தையும் தில்லையும் நிற்கும். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கத்தியோடு போகும் பொடியளுக்கு முதலில் அடையாளம் காட்டவேண்டிய மரம் அது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததும் இந்த மரத்தால்தான்.

நைலோன் வலை வருவதற்கு முன், பருத்தி வலையைக் கண்டல் பட்டையின் சாயத்தில் தோய்த்தெடுப்பார்கள். கண்ணா இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. வேர்களுக்கிடையில் இறால் குஞ்சும் நண்டும் ஓராவும் மணலையும் வளர்கின்றன. ஆழ்கடலுக்குப் போகப் படகோ இயந்திரமோ இல்லாதவர்களுக்கு, இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடிக்கும் இந்தப் பரவைக்கடல்தான் சோறு. கணவனை இழந்த பெண்கள் பலர் அந்தத் தண்ணீரில் நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கண்டல் கரை அழிந்தால் முதலில் வெறுமையாவது அவர்களுடைய பறிதான்.

ஏன் சாகின்றன?

2004 டிசெம்பர் சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நடுகைகள் பெருகின. கண்டல் அலையைத் தடுக்கும் என்ற பேச்சு பரவி, நிதியும் வந்தது. அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் கண்டல் வளர்வது கடல்நீரேரிகளிலும் கழிமுகங்களிலும். வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் சனத்தை அள்ளிக்கொண்டு போன திறந்த மணற்கரைகளில் அது இயற்கையாக வளர்வதில்லை.

ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழுவொன்று இந்த நடுகைகளைத் தேடிப் போய்ப் பார்த்து 2017இல் முடிவுகளை வெளியிட்டது. இலங்கையில் 23 இடங்கள், 67 நடுகை முயற்சிகள், மொத்தம் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். அதில் வெற்றி என்று சொல்லக்கூடியது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்று: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. பிழைத்ததற்கும் சாவதற்குமான வித்தியாசத்தோடு அவர்கள் தெளிவாகத் தொடர்புபடுத்தியது நட்ட பிறகு நடந்த பராமரிப்பை. பிழையான இடத் தெரிவு, மாடு மிதிப்பது, மேய்வது, பாசி படர்வது, பூச்சி ஆகியவை மற்றக் காரணங்கள்.

இவற்றில் இடத் தெரிவு பற்றிக் கொஞ்சம் விளக்கவேண்டும். இலங்கையைச் சுற்றிக் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையிலான உயர வித்தியாசம் ஒரு மீற்றரிலும் குறைவு. கண்டல் விரும்புவதோ, தண்ணீர் வந்து போகும் கரையின் மேற்பகுதியை. அப்படியானால் அதற்குப் பொருந்தும் பட்டை எவ்வளவு ஒடுக்கமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சாண் கீழே நட்டால் கன்று நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்து சாகும். ஒரு சாண் மேலே நட்டால் வெய்யிலில் உப்புப் பூத்துச் சாகும். நான் படம் பிடித்த பிள்ளைகள் நின்றது வெறும் சேற்றுவெளியில், கரையிலிருந்து நன்றாக உள்ளே. "அதிலை மரம் இல்லாததுக்கு ஒரு காரணம் இருக்குமெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார் தொழில் செய்யும் அண்ணை ஒருவர். அந்தச் சேற்றுவெளி வெற்றிடமும் இல்லை. கடற்புல்லும் மட்டியும் இருக்கிற, கொக்கும் நாரையும் இரை தேடுகிற இடம்.

நமது கடல்நீரேரிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பண்ணையிலும் பொன்னாலையிலும் ஆனையிறவிலும் தாம்போதிகள் குறுக்கே போகின்றன. அவற்றின் மதகுகள் அடைபட்டால் நீரோட்டம் குறைகிறது. மழையில்லாத மாதங்களில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. ஒக்டோபரில் மழை தொடங்கித்தான் அது இறங்கும். நடுவதென்றால் மழைக்காலத்தோடு நடவேண்டும் என்பது கரையில் உள்ள எவருக்கும் தெரியும். ஆனால் நிகழ்வுகளின் திகதியை நிதியாண்டும் ஜூலை 26 சர்வதேச கண்டல் தினமும் தீர்மானிக்கின்றன. ஜூலை இங்கே சோளகக் காற்றும் காய்ச்சலுமான காலம்.

தென்னிலங்கையிலும் புத்தளத்திலும் நல்ல வேலைகள் நடக்காமலில்லை. 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை உலகின் ஏழு முன்மாதிரி மீளுருவாக்கத் திட்டங்களில் ஒன்றாக இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை அறிவித்தது. முன்னைய தோல்விகளிலிருந்து கற்று, நடுவதைக் குறைத்து நீரோட்டத்தைச் சரிசெய்யும் முறைக்கு மாறியதுதான் அந்தத் திட்டத்தின் பலம். அந்தப் பாடம் எங்கள் கரைகளுக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்பது வேறு விடயம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

இந்தக் குழு செய்வதைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். காலை ஆறரைக்கு வருவார்கள். கண்ணாவின் மூச்சுவேர்களில் சிக்கிய சொப்பிங் பைகளையும் அறுந்த நைலோன் வலைத்துண்டுகளையும் எடுப்பார்கள். மூச்சுவேர் மூடிக்கிடந்தால் மரம் மூச்சுத் திணறும் என்பதால் இது அழகுக்காகச் செய்வதில்லை. வீதிக்குக் கீழேயுள்ள சிறிய மதகில் அடைத்திருப்பதை வாரிப்போடுவார்கள். என் கணிப்பில் அவர்கள் செய்ததில் மிகப் பெரியது அந்த மதகுதான். அதைத் திறந்து ஒரு மாரி கழிய, நடாமலே கன்றுகள் முளைத்தன. தண்ணீர் வந்துபோகும் வழி சரியாக இருந்து, பக்கத்தில் தாய்மரமும் இருந்தால், விதை தானாக மிதந்து வந்து தனக்குப் பிடித்த உயரத்தில் தங்கும்.

மற்றது ஆடுகள். கன்றுகளைக் கடித்த ஆடுகளை விரட்டுவதில் ஒரு வருடம் போயிற்று, பகையும் வந்தது. பிறகு அந்த அம்மாமார் இருவரும் ஆட்டுக்காரர் வீடுகளுக்குப் போய்ப் பேசி, மாரி முடிந்து மூன்று மாதம் ஒரு துண்டுக்குள் ஆட்டை விடுவதில்லை, வளர்ந்த கண்ணாவில் அளவாகக் குழை வெட்டலாம் என்று ஒரு ஒழுங்குக்கு வந்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. பெரும்பாலும் நிற்கிறது.

கடைசியாக, கொப்பி. ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், மாதத்துக்கொரு படம் கைத்தொலைபேசியில். திகதி, தண்ணீர் எதுவரை, எத்தனை புதுக்கன்று, யார் குப்பை கொட்டினது, எந்த வாகனம். சதுரக்கோட்டுக் கொப்பியில் ஆசிரியரின் கையெழுத்து. அந்தக் கொப்பி இல்லாவிட்டால் பிறகு வந்த சிக்கலில் அவர்களிடம் சொல்வதற்கு எதுவும் இருந்திருக்காது.

புதிதாகத் தொடங்குபவர்கள் வேறொன்றைக் கவனிக்கவேண்டும். எங்கள் பச்சை நிலங்களில் சில, யாரும் உள்ளே போக முடியாததால் பச்சையாக இருப்பவை. முகமாலை, கிளாலி, நாகர்கோவில் பக்கங்களில் மிதிவெடி அகற்றல் வருடக்கணக்காக நடந்துவருகிறது. பழைய முன்னரங்கு இருந்த எந்தக் கரையிலும், பற்றைக்குள் இறங்குவதற்கு முன் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் அந்தத் துண்டு துப்புரவாக்கப்பட்டதா என்று கேளுங்கள். எச்சரிக்கைப் பலகை இல்லை என்பது பாதுகாப்பு என்பதற்குச் சான்றாகாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது இதை யாரிடமும் பொறுப்பாக விடாமல் நீங்களே கேளுங்கள்.

காப்பாற்றுவதென்றால் எங்களிடமிருந்தா?

பெயர் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதன் காரணத்துக்கு வருகிறேன்.

யுத்த காலத்தில் கடல்நீரேரி எங்களுக்குத் தடைசெய்யப்பட்ட இடமாக இருந்தது. 1990களில் கிளாலியால் இரவில் படகில் போனவர்களுக்கு அந்தத் தண்ணீரின் கருமை இன்னும் நினைவிருக்கும். தொழிலுக்குத் தடை, பாஸ் நடைமுறை, உயர் பாதுகாப்பு வலயம். மட்டக்களப்பு வாவியோரத்தில், மறைந்திருந்து தாக்குவார்கள் என்று சொல்லி வீதியோரக் கண்டல்கள் வெட்டி வெளியாக்கப்பட்டன. யுத்தம் முடிந்து மீள்குடியேறியபோது, இந்த முறை காட்டையும் உயிரினங்களையும் காப்பாற்றுவதாகச் சொல்லி எல்லைக்கற்கள் வரத்தொடங்கின. சுண்டிக்குளம் 1938இலிருந்தே பறவைகள் சரணாலயம். 2015 ஜூனில் அது 19,565 ஹெக்டேயர் பரப்பில் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2017 ஜனவரியில் நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கிடங்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. நந்திக்கடல் என்ற பெயர் இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. அங்கே இறால் பிடித்து வாழ்ந்த சனத்துக்கும், அங்கே உறவுகளைத் தொலைத்த சனத்துக்கும், அந்த வர்த்தமானி அறிவித்தல் ஒரு சூழலியல் செய்தியாக மட்டும் வந்து சேரவில்லை.

இந்தப் பிரகடனங்கள் எல்லாமே கெட்டவை என்று நான் நினைக்கவில்லை. மன்னாரில் விடத்தல்தீவு 2016 மார்ச்சில் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்டது. 2024 மே மாதம், அதிலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானி வந்தபோது, அதை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போக முடிந்தது, அந்த இடம் ஏற்கனவே சட்டத்தால் பிரகடனப்படுத்தப்பட்டிருந்ததால்தான். ஒரு பிரகடனம் மீனவரை வெளியே தள்ளலாம். அதே பிரகடனம் பெரிய முதலீட்டையும் வெளியே நிறுத்தலாம். எங்கள் ஊர்களில் முதலாவதைத்தான் அதிகம் கண்டிருக்கிறோம் என்பதால், எல்லைக்கல்லைக் கண்டாலே பயம்.

அந்தக் கரைக்கு 2023இல் ஆபத்து வந்தது வேறு வழியால். இரவில் டிப்பரில் கட்டட இடிபாடுகள் கொண்டுவந்து கொட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரை உயர்ந்து, ஒருநாள் காலை மூலைக்கு மூலை கட்டை அடித்திருந்தது. கட்டை அடித்தவர் ஊரோடு தொடர்புள்ளவர்தான். எப்போதோ தன் குடும்பத்துக்கு உரித்தான துண்டு, யுத்தத்தில் உறுதி தொலைந்துவிட்டது என்றார். உறுதி தொலைத்தவர்கள் எல்லோரும் பொய் சொல்வதில்லை என்பதால் ஊர் இரண்டுபட்டது.

சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தார்கள். திணைக்களங்களுக்கு எழுதிக் கேட்போம் என்றார்கள் இளையவர்கள். "கேட்டால் அளக்க வருவாங்கள். அளந்தால் கல்லுப் போடுவாங்கள். கல்லுப் போட்டால் நாளைக்கு நாங்கள் வலை காயவைக்கவும் அவையிட்டைக் கேக்கவேணும்" என்றார் தொழில் செய்யும் அண்ணை. கேளாமல் விட்டால் இன்னும் ஆறு மாதத்தில் அங்கே மதில் எழும்பும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்னொரு கதையும் அடியில் ஓடியது, யாரும் வாயால் சொல்லவில்லை: கரை தொழில் செய்யும் சனத்தினதா, வீதிக்கு மேலே தோட்டம் செய்யும் சனத்தினதா என்பது. எங்கள் ஊர்களில் பொது இடத்தைக் காக்கப் போகும் எந்தக் குழுவும் ஒருநாள் சாதியில் வந்து முட்டும். முட்டாது என்று நினைத்துத் தொடங்கினால் முதல் மாரியோடு கலைந்துவிடும்.

அன்று இரவு பத்து மணிவரை பேசி, கேட்பது என்று முடிவெடுத்தார்கள். ஆனால் "காப்பாற்றித் தாருங்கள்" என்று எழுதுவதில்லை. "இது யாருடைய பொறுப்பில் இருக்கிறது" என்று மட்டும் கேட்பது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கையொப்பத்தோடு, அந்தக் கரையில் யார் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்ற பட்டியலையும் இணைத்து அனுப்புவது. அளக்க வருபவர் கையில் அந்தப் பட்டியல் முதலில் இருக்கவேண்டும் என்றார் ஆசிரியர். எனக்கு அது மிகச் சரியான முடிவாகப் பட்டது.

யாரிடம் போவது?

கரையோரம் என்றால் முதலில் பார்க்கவேண்டியது 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம். கடல் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். 2011இல் வந்த 49ஆம் இலக்கத் திருத்தம், கடலோடு தொடர்புள்ள களப்புகள், கடல்நீரேரிகளின் விளிம்பிலிருந்து நிலப்பக்கமாக 100 மீற்றரையும் இதற்குள் கொண்டுவந்தது. இந்த வலயத்துக்குள் நிரப்புவதற்கும் கட்டுவதற்கும் கரையோரப் பாதுகாப்பு மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். உறுதி இருக்கிறதா இல்லையா என்ற சண்டைக்குள் போகாமலே கேட்கக்கூடிய கேள்வி இது: அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? காணி சொந்தமானாலும் அது வேண்டும். இதை அறிந்தபோது ஊரின் அரைவாசிச் சண்டை அடங்கியது.

அரச காடு என்று பதிவிலிருந்தால் வனப் பாதுகாப்புத் திணைக்களம். சரணாலயம், ஒதுக்கிடம், தேசிய பூங்கா என்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். மற்ற அரச காணி பிரதேச செயலாளரிடம். குப்பை பிரதேச சபையின் அல்லது நகர, மாநகர சபையின் பொறுப்பு. ஒரே கரையில் இந்த நான்கும் ஒன்றன்மேல் ஒன்று விழலாம் என்பதால், ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவது வழமை.

தொழிலாளரை வெளியே தள்ளாத ஒரு வழி, 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீர்வாழ் வளங்கள் சட்டத்தில் இருக்கிறது. மீன்பிடி முகாமைத்துவப் பகுதி என்று ஓர் இடத்தைப் பிரகடனப்படுத்தி, அங்கே தொழில் செய்பவர்களின் குழுவை முகாமைத்துவத்தில் சேர்க்க அது இடமளிக்கிறது. எங்கள் பக்கத்தில் இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பேசவேண்டும்.

கைகாட்டுவதை நிறுத்த இருக்கும் கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எந்தப் பிரசையும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம், எழுத முடியாதவர் வாயால் கேட்டால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ளவேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, அதே அலுவலகத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு; அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கோரிக்கை கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். கேள்வியைக் குறுக்கி எழுதுங்கள். "இந்தக் கரையின் எதிர்காலம் என்ன" என்று கேட்டால் பதில் வராது. "இந்தத் துண்டில், இந்தத் திகதிக்குப் பிறகு, நிரப்புவதற்கு அனுமதிப்பத்திரம் ஏதும் வழங்கப்பட்டதா, ஆமெனில் பிரதி தருக" என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்றுதான் எழுதவேண்டியிருக்கும்.

குப்பை கொட்டுவது, நீர்வழியை அடைப்பது போன்றவற்றுக்கு இன்னொரு வழி, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு. பொதுத் தொல்லை என்று நீதவானுக்கு அறிக்கையோ தகவலோ கிடைத்தால், அதை அகற்றும்படி அவர் நிபந்தனைக் கட்டளை இடலாம். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கும்போது இந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். இங்கேதான் அந்தக் கொப்பியும் படங்களும் பேசும்.

அவர்கள் அனுப்பிய கோரிக்கைகளில் ஒரு அலுவலகம், அந்தத் துண்டில் எவருக்கும் அனுமதி வழங்கப்படவில்லை என்று எழுத்தில் தந்தது. அந்த ஒற்றைத் தாளைச் சனசமூக நிலைய அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு டிப்பர் வரவில்லை. கட்டைகளை யாரும் பிடுங்கவில்லை. பிடுங்கினால் சண்டையாகும் என்று விட்டிருக்கிறார்கள், அவை உக்கிக்கொண்டிருக்கின்றன. இன்னொரு அலுவலகம் தன் ஆளுகைக்குட்பட்டதல்ல என்றது. மூன்றாவது பதிலே தரவில்லை. மேன்முறையீடு செய்திருக்கிறார்கள்.

போன மாதம் போனபோது, ஒரு நிறுவனம் பெயர்ப்பலகையும் ரீசேட்டும் தந்து ஆயிரம் கன்று நட வரவா என்று கேட்டதாகச் சொன்னார்கள். பலகை வேண்டாம், கன்று வேண்டாம், மதகுக்கு ஒரு இரும்புச் சல்லடை செய்து தருவீர்களா என்று கேட்டார்களாம். பதில் இன்னும் வரவில்லை.

அந்த அம்மாமாரில் ஒருவரிடம், ஏன் அம்மா ஒவ்வொரு கிழமையும் வருகிறீர்கள் என்று கேட்டேன். இவர் காணாமலாக்கப்பட்ட மகனுக்காக வருடக்கணக்காகக் கொட்டகையில் இருந்தவர். இந்தக் கேள்விக்கு அதோடு தொடர்பாக ஏதோ சொல்வார் என்று நான் எதிர்பார்த்ததை ஒப்புக்கொள்கிறேன். "அங்கை போனாலும் ஒண்டும் நடக்கேல்லை. இதிலை ஒரு கிழமை வராட்டித் தெரியுது" என்றவர், குனிந்து மூச்சுவேரிலிருந்து ஒரு பையை உருவினார். பிறகு ஆசிரியரிடம் கொப்பியைத் தரச்சொல்லி, அன்றைய பக்கத்தில் எழுதச் சொன்னார்: மேற்குப் பக்கம், புதுக்கன்று நான்கு, ஒன்றை ஆடு கடித்திருக்கு.